துருத்திக் கேமராவுக்கு ஒரு கையடக்கத் துணை

சட்டைப்பையில் அடங்கும் டிஜிட்டல் கேமராவும், முக்காலியில் ஏற்றிக் கருந்துணி போர்த்திக்கொண்டு பார்க்க வேண்டிய பெருவடிவக் கேமராவும் இரு வேறு காலங்களுக்கு உரியவை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. எனினும் ஃபிலிமில் இன்றும் படமெடுப்பவர்களுள் பலர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துச் செல்கின்றனர். இவ்விரண்டையும் இணைக்கும் வழிகள் சில உண்டு. அவற்றுள் எது பயன் தரும், எது உழைப்பை வாங்கிக்கொண்டு ஏமாற்றும் என்பது, பெரிய கேமராவின் சிறப்பு எதில் இருக்கிறது என்று அறிந்த பிறகே விளங்கும்.

பெருவடிவக் கேமரா என்பது 4×5 அங்குலமோ அதற்கு மேலோ அளவுள்ள தனித்தனி ஃபிலிம் தாள்களில் படம் பதியும் கருவியாகும். லென்ஸைத் தாங்கும் முன்சட்டம், ஃபிலிமைத் தாங்கும் பின்சட்டம், இரண்டுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக விரிந்து சுருங்கும் ஒளிபுகாத துருத்தி ஆகிய மூன்றுமே அதன் உடல். படமெடுக்கும் முன், பின்சட்டத்திலுள்ள தேய்த்த கண்ணாடியில் காட்சி தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழுவதைப் பார்த்துக் குவியம் சரிசெய்யப்படுகிறது. 4×5 தாளின் பரப்பு 36×24 மி.மீ. அளவுள்ள முழுச்சட்ட டிஜிட்டல் சென்சாரைப் போல ஏறத்தாழ 15 மடங்கு. எளிய கையடக்கக் கேமராவின் சென்சாரைப் போல 450 மடங்கு.

பரப்பைவிடப் பெரிய சிறப்பு, இரு சட்டங்களும் ஒன்றையொன்று சாராமல் நகரவும் சாயவும் வல்லவை என்பதே. முன்சட்டத்தை உயர்த்தினால், கேமராவை அண்ணாந்து சாய்க்காமலேயே கோபுரத்தின் உச்சி படத்துக்குள் வந்துவிடும். செங்குத்துக் கோடுகளும் சரியாமல் நிற்கும். லென்ஸைச் சற்றே முன்புறம் சாய்த்தால், காலடியிலுள்ள புல் முதல் தொலைவிலுள்ள மலை வரை தரை முழுவதும் ஒரே குவியத்துக்குள் அடங்கும். ஃபிலிமின் தளமும் லென்ஸின் தளமும் காட்சியின் தளமும் ஒரே கோட்டில் சந்திக்கும்போது இது நிகழ்கிறது என்னும் விதி, 1904இல் காப்புரிமை பெற்ற ஆஸ்திரிய நாட்டு அளவையாளர் தியோடோர் ஷைம்ப்ஃளூக்கின் பெயரால் வழங்குகிறது. பிரான்சு நாட்டு ஜூல் கார்பாந்தியே அதற்கு முன்பே, 1901இல், இதே கருத்தைத் தம் காப்புரிமையில் குறித்திருந்தார்.

இத்தனை வல்லமை கொண்ட கருவிக்குத் தானே ஒளியை அளக்கத் தெரியாது. எடுத்த படத்தை உடனே காட்டவும் முடியாது. 1941 நவம்பர் 1 அன்று, நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின் மேல் நிலவு எழுந்த காட்சியை 8×10 அங்குலக் கேமராவில் பதிக்க முனைந்த படக்கலைஞர் ஆன்செல் ஆடம்ஸுக்கு ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவில் இருந்தமையால் அதைக் கொண்டே கணக்கிட்டு ஒரு தாளில் பதித்தார். இரண்டாம் தாளை ஆயத்தம் செய்வதற்குள் அவ்வூர்க் கல்லறைச் சிலுவைகளின் மீதிருந்த வெயில் மறைந்துவிட்டது. பிற்காலத்தில் போலராய்டு உடனடி ஃபிலிம் அப்படிப்பட்ட ஐயங்களைத் தீர்த்தது. படக்கலைஞர் முதலில் அதில் ஒரு சோதனைப் படம் எடுத்துச் சரிபார்த்த பிறகே விலை கூடிய தாளைச் செருகினார். 2008இல் போலராய்டு நிறுவனம் அத்தகைய ஃபிலிம் தயாரிப்பைக் கைவிட்டது. ஃபுஜிஃபிலிமின் எஃப்பி-100சி உடனடி ஃபிலிமும் 2016இல் நின்றது. அந்த வெற்றிடத்தில்தான் கையடக்க டிஜிட்டல் கேமரா வந்து அமர்ந்தது.

இதுவே இரண்டையும் இணைக்கும் முதல் வழி. இதன் முறை எளிது. ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணைச் சிறிய கேமராவிலும் ஃபிலிமுக்கு உரியதாகவே வைத்து, காட்சியைப் படமெடுத்து, வெளிச்சம் சரியாக அமையும் வரை மாற்றிப் பார்க்க வேண்டும். லென்ஸின் துளையான அபர்ச்சர் எஃப்/4இலும், ஷட்டர் வேகம் 1/250 வினாடியிலும் சரியாக வந்ததாகக் கொள்வோம். பெரிய கேமராவில் எஃப்/32 தேவையெனில், இடையே ஆறு படிகள் உள்ளன. ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகக் குறைவதால் நேரம் 64 மடங்காகி, ஏறத்தாழ 1/4 வினாடி என்று விடை வரும். ஆனால் கணக்கு இத்துடன் முடிவதில்லை. அண்மைப் பொருளுக்காகத் துருத்தி நீளும்போது ஃபிலிமை அடையும் ஒளி மங்குகிறது; 150 மி.மீ. லென்ஸுக்குத் துருத்தி 210 மி.மீ. வரை நீண்டால் நேரம் இரு மடங்கும், 300 மி.மீ. ஆனால் நான்கு மடங்கும் வேண்டும். நேரம் ஒரு வினாடியை எட்டிய பின் ஃபிலிமே சோர்வடைகிறது. கோடாக்கின் ட்ரை-எக்ஸ் ஃபிலிமில் 1 வினாடி என்று கணக்கு வந்தால் 2 வினாடியும், 10 வினாடி என்று வந்தால் 50 வினாடியும் தர வேண்டும். சிறிய கேமராவுக்கு இவை எதுவும் தெரியாது. துருத்தியின் நீளத்தை அளந்து பெருக்குவது படமெடுப்பவரின் பொறுப்பு.

புல ஆழத்தில், அதாவது முன்னும் பின்னும் எவ்வளவு தொலைவு தெளிவாகத் தெரிகிறது என்பதில், சிறிய கேமராவை நம்பவே கூடாது. அதன் சென்சார் மிகச் சிறியதாகையால் எஃப்/4இலேயே எல்லாம் கூர்மையாகத் தெரியும். அதே கூர்மையைப் பெற 4×5 கேமராவின் அபர்ச்சரை எஃப்/80 அளவுக்குச் சுருக்க வேண்டியிருக்கும். தெளிவைத் தேய்த்த கண்ணாடியில் உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பதே முறை.

இரண்டாவது வழி, தேய்த்த கண்ணாடியில் விழும் காட்சியையே சிறிய கேமராவால் படமெடுப்பது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறையே பெரிதும் ஏமாற்றுகிறது. லென்ஸிலிருந்து ஓரங்களுக்குச் செல்லும் கதிர்கள் வெளிநோக்கி விரிந்து போவதால், பின்னால் நடுவில் நிற்கும் கேமராவுக்கு நடுப்பகுதி ஒளிவட்டமாகவும் மூலைகள் இருளாகவும் தெரியும். கண்ணாடியின் சொரசொரப்பும் படத்தில் பதியும். விரியும் கதிர்களை உள்நோக்கித் திருப்பும் பிரெனல் லென்ஸைப் பொருத்தியும், சிறிய கேமராவைத் தொலைவில் நிறுத்தி ஜூம் செய்தும் குறையைத் தணிக்கலாம், நீக்க முடியாது. படத்தின் அமைப்பை நினைவுக்குக் குறித்துக்கொள்ள இம்முறை போதும், அதற்கு மேல் இதில் எதிர்பார்க்க ஏதுமில்லை.

மூன்றாவது வழி, லென்ஸைக் கழற்றக்கூடிய டிஜிட்டல் கேமராவின் உடலை மட்டும் ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் பொருத்துவது. லென்ஸ் நிலையாக நிற்க, நழுவும் பலகையில் சென்சார் மட்டும் வரிசை வரிசையாக நகர்ந்து காட்சியைத் துண்டு துண்டாகப் பதிவு செய்யும். பின்னர் கணினி அவற்றை ஒட்டும். துண்டுகளை ஒட்டிப் பெரிய படம் செய்வது புதிதன்று. 1858இல் சென்னை மாகாண அரசின் படக்கலைஞர் லினேயஸ் ட்ரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே சுருளாக இணைத்தார். அவர் கேமராவையே சுவரோரம் நகர்த்திச் சென்றார். இங்கோ லென்ஸ் அசைவதில்லை என்பதால் பார்வைக் கோணம் மாறாது, ஒட்டுகள் பிசிறின்றிச் சேரும். அசையும் இலையும் அலையும் மட்டுமே ஒட்டைக் கெடுக்கும்.

முழுச்சட்ட சென்சாரால் 4×5 பரப்பை நிரப்ப ஏறத்தாழ 20 படங்கள் தேவை. 24 மெகாபிக்சல் சென்சாரெனில் இறுதிப் படத்தில் 30 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கும். இந்த எண்ணில் மயங்கிவிடலாகாது. எஃப்/22இல் ஒளியின் விளிம்பு விளைவால் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் 0.03 மி.மீ. அகலத்துக்குப் பரவுகிறது, சென்சாரின் ஒரு புள்ளியோ 0.006 மி.மீ. மட்டுமே. ஆகவே அபர்ச்சரை எஃப்/11 அளவில் நிறுத்தாவிட்டால் அத்தனை கோடிப் புள்ளிகளும் மங்கலையே துல்லியமாகப் பதிவு செய்யும். மேலும், கண்ணாடி மடங்கும் எஸ்எல்ஆர் வகைக் கேமராக்களில் சென்சார் உள்ளே ஆழ்ந்திருப்பதால், சாய்வாக வரும் கதிர்களை லென்ஸைப் பொருத்தும் மவுண்ட் வளையமே மறைத்துவிடுகிறது. 18 மி.மீ. ஆழமே உள்ள சோனி ஈ-மவுண்ட் கேமராக்கள் 2010இல் வந்த பிறகு இம்முறை எளிதாயிற்று.

அசையாத கலைப்பொருள்களையும் ஓவியங்களையும் பதிவு செய்வதற்கு மூன்றாவது வழி தக்கது; நிலக்காட்சிக்கும் மனித முகத்துக்கும் முதல் வழியே சிறந்தது. பெரியது பதிய, சிறியது அளந்து சொல்லும் அந்த இணைப்பில் மட்டுமே இரு கருவிகளும் தத்தம் இயல்பை இழக்காமல் நிற்கின்றன. பழைய ஸ்டூடியோப் பரணிலிருந்து இத்தகைய கேமரா எவருக்கேனும் கிடைத்தால், அதை அலங்காரப் பொருளாக விற்றுவிட வேண்டாம். இருட்டறையில் துருத்திக்குள் ஒரு டார்ச் விளக்கை எரியவிட்டுப் பாருங்கள். ஊசித்துளை அளவு வெளிச்சமும் கசியவில்லையெனில் அது இன்றும் படமெடுக்கும்.