வண்டி காட்டும் எச்சரிக்கை

சரக்கு எடுக்கவும் கடைக்குக் கடை இறக்கவும் நம்மில் பலர் பெட்ரோல் கார், வேன் வைத்திருக்கிறோம். கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால் உடனே கவனிக்கும் நாம், பெட்ரோல் செலவு மெல்ல ஏறுவதைக் கவனிப்பதில்லை. தேய்ந்துபோன ஸ்பார்க் பிளக் அதற்குக் காரணமாக இருக்கலாம். (டீசல் வண்டிக்கு இந்தப் பிளக் கிடையாது.)

பிளக்கின் முனை தேயத் தேய இடைவெளி அகலும். தீப்பொறி சரியாக விழாது. காலையில் வண்டி எளிதில் ஸ்டார்ட் ஆகாது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் குலுங்கும். பாரத்தோடு மேம்பாலம் ஏறினால் இழுவை இராது; ‘மிஸ்ஸிங்’ அடிக்கும். இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் தொடர்ந்து ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். பிளக் சில நூறு ரூபாயில் முடியும். கன்வெர்ட்டர் பல ஆயிரம் கேட்கும்.

கழற்றிப் பார்க்கையில் முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். கரியோ எண்ணெயோ படிந்திருந்தாலும், வெளுத்திருந்தாலும் இன்ஜினையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். சாதாரண பிளக் சுமார் 30,000 கி.மீ., இரிடியம் பிளக் 1,00,000 கி.மீ. வரை உழைக்கும், வண்டிக் கையேட்டின் கணக்கே நமக்குக் கணக்கு. எல்லாச் சிலிண்டருக்கும் சேர்த்தே மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் செலவு நோட்டில் எழுதி வைப்போம்.