கமராவுக்கு முதல் லென்ஸ்: இருட்டு மண்டபத்தில் படமெடுக்க எது சரி?



இந்தக் கிழமை எபிசோட்டில் மிரர்லெஸ் கமராக்களைப் பற்றிக் கதைச்சம். நேரம் போதாமல் விட்ட ஒரு முக்கியமான விஷயத்தை இங்க எழுதுறன்.

என் தங்கச்சியின் அரங்கேற்றத்துக்கு நான்தான் படமும் வீடியோவும் எடுத்தன். புதுக் கமரா, அதோட பெட்டியில் வந்த 16-50 ஸூம். வீட்டுக்கு வந்து பார்த்தா, கிட்ட ஸூம் பண்ணின இடமெல்லாம் மணல் தூவின மாதிரி இருந்தது. அம்மம்மா டிவியில் பார்த்திட்டு, "பிள்ளையின்ர முகம் எங்க?" எண்டு கேட்டா. கமராவில் ஒரு பிழையும் இல்லை. நான் லென்ஸைப் பற்றி யோசிக்கவே இல்லை.

என்ன நடந்தது?

அந்த லென்ஸில் எஃப்/3.5-5.6 எண்டு எழுதியிருக்கும். ஸூம் பண்ணப் பண்ண சென்சருக்கு வரும் வெளிச்சம் குறையுது எண்டு அர்த்தம். எஃப்/2.8 லென்ஸ் ஒன்றோட பார்த்தா, எஃப்/5.6-இல் கால்வாசி வெளிச்சம்தான் உள்ள வரும். அதைச் சரிக்கட்ட, ஐஎஸ்ஓ 3200 போதுமான இடத்தில் கமரா 12800-க்குப் போகும். மணல் அங்கயிருந்துதான் வருது.

புகைப்படத்தில், ஆள் அசையாமல் நிண்டா ஷட்டரை மெதுவாக்கித் தப்பலாம். வீடியோவில் அது சரிவராது. 30 பிரேம் வீடியோவுக்கு ஷட்டர் வழக்கமா 1/60 நொடி. ஆகவே வெளிச்சம் லென்ஸால்தான் வரவேணும்.

மூன்று ஸூம்கள்

சோனி ஏபிஎஸ்-சி கமராக்களை உதாரணமா எடுப்பம்.

- சிக்மா 18-50 எஃப்/2.8: 300 கிராம்கூட இல்லை, பயணத்துக்கு அருமை. ஆனா கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் லென்ஸில் இல்லை.
- டாம்ரான் 17-70 எஃப்/2.8: அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஸ்டெபிலைசேஷன் இருக்கு. மேடையிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருந்தாலும், ஆடுற பிள்ளை பிரேமின் பாதி உயரத்துக்கு வருவா.
- சோனி 18-105 எஃப்/4: இன்னும் கிட்ட இழுக்கும், வீடியோவுக்கு மோட்டார் ஸூமும் இருக்கு. ஆனா எஃப்/2.8-ஓட பார்த்தா வெளிச்சம் பாதிதான்.

மண்டப நிகழ்ச்சிகள்தான் கூட எடுப்பீங்கள் எண்டா, என் தெரிவு டாம்ரான்.

பிறகுதான் கமரா

சோனி இசட்வி-இ10 கமராவின் உடலுக்குள் ஸ்டெபிலைசேஷன் இல்லை. அதில சிக்மாவைப் போட்டுக் கையில் பிடிச்சா வீடியோ ஆடும், ட்ரைபொட் வேணும். ஏ6700-இல் அது உள்ளேயே இருக்கு. ஆனா ஒண்டை மறக்காதேங்கோ: ஸ்டெபிலைசேஷன் உங்கட கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், ஆடுற பிள்ளையின் அசைவை இல்லை.

என்னைக் கேட்டா, கமராவில் ஒரு படி இறங்கி, மிச்சம் பிடிச்ச காசை லென்ஸில் போடுங்கோ. கமராவை ஒரு நாள் மாத்துவீங்கள். லென்ஸ் அதுக்குப் பிறகும் உங்களோட இருக்கும்.

ஊருக்குப் போறவைக்கு

கனடாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். யாழ்ப்பாணத்திலயும் சென்னையிலயும் லண்டனிலயும் 50. 1/60-இலேயே விட்டிட்டுப் போனா, அங்க சில ட்யூப் லைட், எல்இடி வெளிச்சத்தில் வீடியோ மினுங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-க்கு மாத்துங்கோ.

வாங்க முதல், லென்ஸை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, நீங்கள் படமெடுக்கப் போற அதே மண்டபத்தில் சோதிச்சுப் பாருங்கோ. முக்கியமா, கடைசி வரிசையிலயிருந்து, ஹோல் லைட்டை அணைச்ச பிறகு. அரங்கேற்றம் ஒருக்காத்தான் நடக்கும், திருப்பி எடுக்க ஏலாது.

என்ன கமரா, என்ன லென்ஸ், எதுக்கு வேணும் எண்டு இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கோ. அடுத்த எபிசோட்டில் கதைப்பம்.