சீனியைச் சுவை பார்க்கும் மதுவம்

மருதானையில் பொழுது சாயும் நேரம் சிறு கடைகளில் அப்பச்சட்டிகள் அடுப்பேறும். புகையிரதம் பிடிக்க ஓடுபவர்களும் நான்கு அப்பம் கட்டிக்கொண்டு போவார்கள். கொழும்பிலும் சரி, வடக்கு கிழக்கிலும் சரி, போரில் எல்லாவற்றையும் இழந்த பின் அப்பமும் இடியப்பமும் விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களை நாம் அறிவோம். ஒரு சட்டி மா பொங்காமல் போனால் அவர்களுக்கு அது அன்றைய உழைப்பு, மறுநாளைய முதல்.

மாவைப் பொங்க வைப்பது யார்? அக்காலத்தில் தென்னங்கள்ளு விட்டு மாவைப் புளிக்க வைத்தார்கள். இன்று பெரும்பாலும் கடையில் வாங்கும் ஈஸ்டைச் சேர்க்கிறோம். இரண்டிலும் வேலை செய்வது மதுவம் என்னும் நுண்ணுயிர். ஒரே ஒரு கலம்தான் அதன் உடல். அது சீனியை உண்டு காபனீரொட்சைட்டு வாயுவையும் மதுசாரத்தையும் வெளிவிடுகிறது. அந்த வாயுதான் மாவை உப்பச் செய்கிறது.

கண்ணுக்குத் தெரியாத இக்கலத்தினுள் ஏறத்தாழ 6,000 பரம்பரையலகுகள் உள்ளன. 1996 ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அவற்றை முழுமையாக வாசித்து வெளியிட்டனர். பரம்பரையலகு என்பது பெரும்பாலும் ஒரு புரதத்தை ஆக்குவதற்கான குறிப்பு. நமக்குத் தெரிந்த சமையல் எல்லாவற்றையும் நாம் ஒரே நாளில் சமைப்பதில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தே அடுப்பை மூட்டுகிறோம். மதுவமும் அப்படித்தான்.

அதன் வெளிமென்சவ்வில் சீனியை உணரும் இரண்டு புரதங்கள் உள்ளன. ஒன்று குளுக்கோஸ் குறைவாக இருந்தாலும் கண்டுகொள்ளும். மற்றது நிறைய இருக்கும்போது உணரும். அவை உள்ளே செய்தி அனுப்ப, அந்த அளவுக்கு ஏற்ற வாயில்களைக் கலம் அமைத்துக் குளுக்கோசை உள்ளே எடுக்கிறது.

குளுக்கோஸ் தாராளமாக இருந்தால் மற்ற வெல்லங்களை உடைக்கும் நொதியங்கள் உடனடியாகத் தேவையில்லை. ஆகவே எம்.ஐ.ஜி.1 என்ற புரதம் கருவினுள் சென்று அந்தக் குறிப்புகளைப் பூட்டி வைக்கிறது. குளுக்கோஸ் குறைந்ததும் எஸ்.என்.எஃப்.1 என்ற இன்னொரு புரதம் விழித்து, பூட்டியவரைக் கருவுக்கு வெளியே அனுப்பிவிடுகிறது. பூட்டு திறந்தபின் புதிய நொதியங்கள் உருவாகின்றன. அதற்குச் சற்று நேரம் வேண்டும்.

பாண் மா பிசையும் சகோதரிகள் இதைக் கண்டிருக்கலாம். முதலில் விரைவாக எழும் மா நடுவில் மந்தமாகிப் பின் மீண்டும் எழும். முதலில் கிடைத்த சீனி முடிந்து, கோதுமை மாவிலிருந்து உண்டாகும் மோல்ற்றோசுக்கு மதுவம் மாறும் நேரம் அது. ஈஸ்ட் செத்துவிட்டது என்று மேலும் கொட்ட வேண்டாம்; பொறுத்திருங்கள்.

அரிசி மாவின் மாப்பொருளை மதுவத்தால் தானாக உடைக்க முடியாது. அதனால்தான் அப்பமாவுக்குச் சிறிது சீனி சேர்க்கிறோம். ஆனால் அளவு மிஞ்சினால் சீனி மதுவக் கலத்திலிருந்து நீரை இழுத்துவிடும், அது சோர்ந்துபோகும். இனிப்புப் பணிஸ் மா மெதுவாக எழுவதும் இதனால்தான். உப்பும் அவ்வாறே, அதை ஈஸ்டின் மேல் நேராகக் கொட்டக்கூடாது.

ஈஸ்டைச் சோதிக்க ஒரு வழி: அரைக் கோப்பை இளஞ்சூடான நீரில் ஒரு தேக்கரண்டி சீனியும் ஒரு தேக்கரண்டி ஈஸ்டும் இட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். நுரை எழுந்தால் அது உயிரோடு இருக்கிறது. எழாவிட்டால் மாவை வீணாக்காமல் வேறு ஈஸ்ட் வாங்கலாம். விரல் தாங்கும் சூடு போதும். கொதிநீர் மதுவத்தைக் கொன்றுவிடும்.

எஸ்.என்.எஃப்.1 புரதத்தின் உறவினர் ஒருவர் நம் உடற்கலங்களிலும் இருக்கிறார். கலத்தில் சக்தி குறைவதை உணர்ந்து செயற்படுவதே அவரது பணி. நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் மெற்ஃபோமின் மருந்து வேலை செய்யும் வழிகளில் ஒன்று இப்புரதத்தைத் தூண்டுவது எனக் கருதப்படுகிறது. அப்பச்சட்டியில் நடப்பதை ஆராய்ந்தவர்களின் உழைப்பு நம் அம்மாமாரின் மருந்தை விளங்கிக்கொள்ளவும் உதவியிருக்கிறது.

ஆகவே, சகோதரிகளே, மா பொங்காத நாளில் நம் கைராசியை நொந்துகொள்ள வேண்டாம். நீரின் சூடு, சீனியின் அளவு, ஈஸ்டின் உயிர், காத்திருந்த நேரம் என்ற நான்கையும் பாருங்கள். காரணம் தெரிந்தால் நாளைய சட்டியைக் காப்பாற்றலாம்.