இரண்டு இணைப்பு, ஒரே பாலம்

2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40 மணிக்குத் தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் நின்றுபோனது. நாட்டின் மிகப் பெரிய பங்குச் சந்தை அது. இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து, இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து தனித்தனியாக இணைப்புகள் வாங்கி வைத்திருந்தது. அன்றைக்கு இரண்டு நிறுவனங்களின் இணைப்புகளும் சேர்ந்தே தடுமாறின. சந்தையின் இரு தரவு மையங்களுக்கு இடையே உள்ள சாலையில் நடந்த தோண்டும் வேலையும் கட்டுமானமும்தான் முக்கியக் காரணம் என்று சந்தை பின்னர் விளக்கம் சொன்னது. கூடவே தகவல் சேமிப்பு அமைப்பும் முடங்கியதால் இடர் கண்காணிப்பு நின்றது. அது இல்லாமல் வர்த்தகத்தை நடத்த முடியாது. மாலை 3.45-க்குத்தான் மறுபடியும் திறந்தார்கள், 5 மணி வரை நடந்தது. இடையில் மாட்டிக்கொண்ட சிறு வர்த்தகர்கள் பலருக்கு, மும்பைப் பங்குச் சந்தையில் கிடைத்த விலைக்குக் கணக்கு முடிக்கப்பட்டது.

இரண்டு நிறுவனம், இரண்டு ரசீது, ஆனால் ஒரே சாலை. ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடலோரத்தில் வீட்டு மேசையில் உட்கார்ந்து தினவர்த்தகம் செய்கிற ஒவ்வொருவரும் இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் நம் ஊரின் நில அமைப்பே அப்படிப்பட்டது. ராமநாதபுரம் நகரத்திலிருந்து வெளியே போகப் பரமக்குடி வழியாக மதுரைப் பக்கம், சாயல்குடி வழியாகத் தூத்துக்குடிப் பக்கம், தேவிபட்டினம் வழியாகத் தொண்டிப் பக்கம் என்று மூன்று திசைகள் உண்டு. மண்டபத்தைத் தாண்டியதும் அந்த வசதி போய்விடுகிறது. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது ராமேஸ்வரம் தீவுக்குள் நுழைய வேறு பாலமே இல்லை. சாலைப் பாலம் 1988-ல்தான் திறக்கப்பட்டது. இன்றைக்கும் எந்த நிறுவனத்தின் கண்ணாடி இழைக் கம்பியானாலும் பாம்பன் கால்வாயைக் கடந்துதான் தங்கச்சிமடத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் வந்தாக வேண்டும்.

இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். ஓர் இணைப்பு நூறு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் படுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை, ஆண்டுக்கு ஏறத்தாழ 250 நாட்கள். மொத்தம் சுமார் 1,560 மணி நேரம். ஒரே இணைப்பை நம்பியிருப்பவருக்கு ஆண்டில் 15 மணி நேரத்துக்கு மேல் போகும். அதே தரத்தில் இரண்டாவது இணைப்பு ஒன்று வாங்கி, ஒன்றின் கோளாறுக்கும் மற்றதன் கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் படுக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. ஆண்டுக்குப் பத்து நிமிடம்கூட வராது. இந்த அதிசயம் முழுவதும் 'சம்பந்தமே இல்லை' என்ற இரண்டு சொற்களில்தான் இருக்கிறது. இரண்டு கம்பியும் ஒரே கம்பத்தில் தொங்கினால், ஒரே பள்ளத்தில் புதைந்திருந்தால், கணக்கு திரும்பவும் 15 மணி நேரத்தை நோக்கி நகர்ந்துவிடும்.

பரமக்குடி முதல் ராமநாதபுரம் வரையிலான தேசிய நெடுஞ்சாலை 87-ஐ நான்கு வழிச் சாலையாக்க 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 46.7 கிலோமீட்டர். மாவட்டத்துக்கு மிகவும் தேவையான சாலை அது. ஆனால் ஜேசிபி இறங்கும் இடத்தில் ஓரமாகப் புதைந்த கம்பிகளுக்கு ஆபத்து என்பதை அந்தப் பிப்ரவரி நாளே காட்டிவிட்டது.

ஆகவே வீட்டுக்கு பைபர் வந்திருந்தால், மாற்று இணைப்பு இன்னொரு பைபராக இல்லாமல் கைபேசி வழியாக இருப்பது நல்லது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெவ்வேறு நிறுவனங்களின் சிம் இரண்டு வைத்திருந்தாலும், அவை ஒரே டவரில் குடியிருக்கலாம். இந்தியாவில் தனியார் நிறுவனங்கள் பலவும் டவரைப் பகிர்ந்துகொள்கின்றன. டவர் ஒன்று என்றால் பேட்டரியும் டீசலும்கூட ஒன்றுதான். தெருவில் பல நேரங்களில் இரண்டு சிம்மையும் சோதித்து, ஒன்று போகும்போது மற்றதும் போகிறதா என்று கவனிப்பதே நம்பகமான வழி.

மின்சாரம்தான் அடிக்கடி ஏமாற்றுவது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்குகிறது. சந்தை திறக்கும் நேரம். ரவுட்டருக்கும் பைபர் மோடத்துக்கும் சேர்த்து 10 வாட் அளவே தேவைப்படும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று அதை ஐந்தாறு மணி நேரம் ஓட்டும். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தாலும் இது தனியாக இருக்கட்டும். கடற்கரையில் கண்ணாடி இழைக்கு உப்பால் கெடுதல் இல்லை. அடாப்டர் முனையும் பேட்டரி இணைப்பும்தான் பச்சை பிடித்துப்போகின்றன.

தனுஷ்கோடிப் பக்கம் கைபேசி இலங்கை டவரைப் பிடிப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். கடல்நீர் ஆவியாவதால், நீர்ப்பரப்பை ஒட்டிய காற்றில் மேலே போகப் போக ஈரப்பதம் சட்டென்று குறைகிறது. அந்த அடுக்குக்குள் ரேடியோ அலை கீழ்நோக்கி வளைந்து அடிவானத்தைத் தாண்டியும் பயணிக்கிறது. எந்த நேரத்தில் எவ்வளவு வளையும் என்பது காற்றையும் வெயிலையும் பொறுத்தது. ஆகவே இலங்கை டவருக்குத் தாவிவிடாமல் இருக்க, மாற்று இணைப்பாக வைத்திருக்கும் டாங்கிளில் ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுத்து வைப்பது அவசியம்.

செயற்கைக்கோள் வழி புதிதல்ல. 1994-ல் தேசியப் பங்குச் சந்தை தொடங்கியபோதே தரகர்களை வி-சாட் குடைகள் மூலம் இணைத்தது. 35,786 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்த் திரும்புவதால், கேள்வியும் பதிலும் முடிய அரை நொடி ஆகும். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிமம் வழங்கியது. தீவுக்கு அது பாம்பனைத் தொடாத உண்மையான இரண்டாவது வழியாக அமையலாம்.

வேகத்துக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ராமேஸ்வரத்திலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர நொடியில் எழுபதில் ஒரு பங்குகூட ஆகாது. கம்பி சுற்றிப் போனாலும் கையால் ஆர்டர் போடுகிறவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

இணைப்பு மாறுகிற அந்தச் சில நொடிகள்தான் மிக ஆபத்தானவை. பைபர் அறுந்து ரவுட்டர் சிம்முக்குத் தாவும்போது வீட்டின் இணைய முகவரி மாறுகிறது. தரகரின் சர்வரோடு இருந்த தொடர்பு முறிகிறது. செயலி அதை உடனே உணராமல் பழைய விலையையே காட்டிக்கொண்டிருக்கலாம். விலை அசையாமல் நின்றால் சந்தை அமைதியாக இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. அந்த நேரத்தில் 'விற்பனை' பொத்தானை அழுத்தியிருந்தால்? ஆர்டர் போகவே இல்லையா, போய்ச் சேர்ந்து பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? நம் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கணினி அறிவியலில் இதை 'இரண்டு தளபதிகள் சிக்கல்' என்பார்கள். நம்ப முடியாத பாதையில் எத்தனை ஒப்புகைச் செய்தி அனுப்பினாலும், கடைசிச் செய்தி சேர்ந்ததா என்ற சந்தேகம் தீராது என்பது அதில் நிரூபிக்கப்பட்ட உண்மை. பதற்றத்தில் மறுபடி அழுத்தினால் இரட்டை ஆர்டர் விழும். புது இணைப்பில் உள்ளே நுழைந்ததும் முதலில் ஆர்டர் புத்தகத்தையும் கையிருப்பையும் பாருங்கள். பொத்தானுக்கு அப்புறம் போகலாம்.

இணையம் வேண்டாத காவல் ஒன்றும் இருக்கிறது. சந்தைக்கு அனுப்பப்பட்ட ஸ்டாப் லாஸ் ஆர்டர் சந்தையின் கணினியிலேயே காத்திருக்கும். நம் வீட்டில் நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விலை தொட்டதும் அது வேலை செய்யும். வாங்கிய கையோடு அதைப் போட்டுவிடுவது இன்னொரு ரவுட்டரை விடப் பெரிய பாதுகாப்பு. அடுத்தது, தரகரின் தொலைபேசி ஆர்டர் எண். டேட்டா செத்துக் கிடக்கும் நேரத்திலும் சாதாரண அழைப்பு போகிற வாய்ப்பு உண்டு.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022-23-ல் பங்குகளில் தினவர்த்தகம் செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நட்டம் அடைந்ததாகச் செபியின் ஆய்வு சொல்கிறது. எவ்வளவு உறுதியான இணைப்பும் அந்த நிலையை மாற்றாது. ஒரு பைபர், வேறு டவரில் நிற்கும் ஒரு சிம், ஒரு சிறிய பேட்டரி: இதற்கு மேல் கடன் வாங்கிச் செலவு செய்ய எந்தத் தம்பியும் தங்கையும் முனைய வேண்டாம்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் கையில் எந்தப் பங்கும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே சரி. மாற்று ஏற்பாட்டின் சோதனையைப் பராமரிப்பு நிறுத்த நாளில், பணம் எதுவும் போடாமல் செய்து பாருங்கள்: பைபர் கம்பியைக் கழற்றுங்கள், சிம்முக்கு மாற எத்தனை நொடி ஆகிறது என்று குறியுங்கள், தரகரின் எண்ணுக்கு ஒருமுறை பேசிப் பாருங்கள். ரீசார்ஜ் முடிந்துபோன இரண்டாவது சிம் அன்றைக்குத்தான் கண்ணில் படும்.