டோக்கன் ஊர்!

ஹாஸ்டல் மெஸ்ஸில் டோக்கன் கொடுத்து சாப்பிட்டிருப்பீங்க. சம்பளமே டோக்கனா வந்தா?

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் அப்படி ஒரு ஊர் இருந்தது. பெயர் ஹம்பர்ஸ்டோன். 1872-ல் 'லா பால்மா' என்ற பெயரில் ஆரம்பித்த நைட்ரேட் சுரங்க ஊர். இன்னிக்குப் போனா தியேட்டர் இருக்கு, நீச்சல்குளம் இருக்கு... குடியிருக்க ஆள்தான் இல்லை!

நைட்ரேட் உப்பு தண்ணீரில் சட்டுனு கரைஞ்சிடும். நம்ம ஊர் மழைக்கெல்லாம் தாங்காது. அட்டகாமாவில் மழையே அபூர்வம். அதனால் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்த நைட்ரேட், லட்சக்கணக்கான வருஷங்களாக 'கலிச்சே' என்ற கெட்டிப் படிவமாகத் தங்கிவிட்டது.

வயலுக்கு உரம், பீரங்கிக்கு வெடிமருந்து... ரெண்டுக்கும் இதுதான் வேணும். விடுவாங்களா? 1879-ல் சிலி ஒரு பக்கம், பெருவும் பொலிவியாவும் மறுபக்கம் என்று போரே மூண்டது. பொலிவியா தன் கடற்கரையையே இழந்தது.

வெட்டியெடுத்தவனுக்கு? டோக்கன்! செல்லுபடியாவது கம்பெனி கடையில். விலையும் கம்பெனி வெச்சதுதான். 'டோக்கனுக்கு முழு மதிப்பு கொடு' என்று கேட்டு, 1907 டிசம்பரில் பல சுரங்கங்களின் தொழிலாளர்கள் இக்கீக்கே நகரில் குடும்பத்தோடு திரண்டார்கள். 21-ம் தேதி, சான்டா மரியா பள்ளியில் தங்கியிருந்தவர்களை ராணுவம் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை கணக்கு ஒத்துப்போகவில்லை.

அப்புறம் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஹேபர், காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரித்துக் காட்டினார். 1913-ல் தொழிற்சாலையே வந்தது. பாலைவன உப்புக்கு கிராக்கி சரிந்தது. 1960-ல் ஹம்பர்ஸ்டோனுக்குப் பூட்டு. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

கெமிஸ்ட்ரி பரீட்சையில் ஹேபர் முறை எழுதும்போது, அந்தச் சமன்பாட்டால் காலியான ஊரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க!