வெள்ளத்தில் பெண்களுக்குக் கைகொடுக்கும் சாதனங்கள்



யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, காங்கேசன்துறை வீதியில் இருக்கிறது இணுவில். செம்மண் பூமி, அடியில் சுண்ணாம்புக்கல். பெய்யும் மழையை நிலம் குடித்துக் கிணறுகளில் சேர்த்துவிடும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் கிடையாது. இங்கே வெள்ளமா என்று யாரும் கேட்கலாம். ஆனால் 2008 நவம்பரில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 389 மில்லி மீற்றருக்கு மேல் மழை கொட்டியது. அத்தனை நீரையும் எந்த நிலத்தால் குடிக்க முடியும்? ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின.

2024 நவம்பரிலும் குடாநாட்டை வெள்ளம் சூழ்ந்தது. அதே நாட்களில் கிழக்கே காரைதீவு மாவடிப்பள்ளியில், அரபுக் கல்லூரி மாணவர்கள் ஏறிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் கவிழ்த்தது. மாணவர்கள் உட்பட எட்டுப் பேர் மௌத்தானார்கள். பிள்ளையை ஓத அனுப்பும் எந்த உம்மாவால் இதை மறக்க முடியும்?

வெள்ளத்தில் பெண்கள் படும் பாடு தனியானது. 1991 இல் வங்காளதேசத்தைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். அவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். நீரில் காலைச் சுற்றும் சேலை, இடுப்பில் குழந்தை, அந்நிய ஆண்களோடு ஒரே இடத்தில் தங்கத் தயக்கம். பின்னர் அங்கே உயரமான தூண்களின் மேல் கட்டிய புயல் காப்பகங்களில் பெண்களுக்குத் தனி அறையும் தனிக் கழிவறையும் வைத்தார்கள். கூச்சப்படாமல் போக ஓர் இடம் இருந்தால்தானே பெண்கள் நேரத்தோடு புறப்படுவார்கள்!

2018 இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இறப்பர்ப் படகில் ஏற முடியாமல் பெண்கள் தவித்தார்கள். ஒரு மீனவர் தண்ணீரில் மண்டியிட்டுத் தம் முதுகையே படியாகக் கொடுத்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக! ஆனால் அந்தப் படகோடு ஒரு சிறு ஏணி இருந்திருந்தால்? மீட்புச் சாதனங்களைச் செய்கிறவர்கள் சேலையும் அபாயாவும் உடுத்தவர்களை நினைத்துச் செய்ய வேண்டும்.

வங்காளதேசத்துக் கட்டடக் கலைஞர் முஹம்மது ரிஸ்வான் 2002 இல் படகிலேயே பள்ளிக்கூடம் தொடங்கினார். படகு கரைக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும். சூரிய ஒளியில் விளக்கு எரியும். வெள்ளக் காலத்திலும் பெண் பிள்ளைகளின் படிப்பு நிற்பதில்லை.

நம் வீட்டில் என்ன செய்யலாம்? மூடி இறுகிய இரண்டு லீற்றர் வெற்றுப் போத்தல் ஒன்று, நீரில் ஏறக்குறைய இரண்டு கிலோ பாரத்தைத் தாங்கும். ஐந்து போத்தல்களைச் சாக்கில் இறுகக் கட்டினால் ஒருவர் பிடித்து மிதக்கலாம். ஆனால் இது கைப்பிடி மட்டுமே. மயங்கியவரின் முகத்தை நீருக்கு மேலே நிறுத்துவது கழுத்துப்பட்டை உள்ள உயிர்காப்பு அங்கிதான். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவிலேயே வேண்டும். பெரிய அங்கி கழன்றுவிடும். எது இருந்தாலும் ஓடும் வெள்ளத்தில் இறங்காதீர்கள். வேகமாக ஓடும் ஓரடி நீரே காரை நகர்த்திவிடும்.

நிகாஹ் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றை நீர் புகாத பெட்டியில் வையுங்கள். பக்கத்தில் ஒரு விசிலும் இருக்கட்டும். குரல் அடைத்தாலும் விசில் கேட்கும்.

நூஹ் நபி (அலை) அவர்கள் மழை தொடங்கிய பிறகா கப்பல் கட்டினார்கள்? பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் சனசமூக நிலையத்திடமும் பேசுங்கள். பிள்ளைகளின் அளவில் பத்து அங்கிகள், ஒரு நீண்ட கயிறு, படகில் ஏற ஓர் ஏணி, பெண்கள் தங்கத் தனி இடம் ஆகியவற்றை இந்த மாரிக்கு முன்பே கேட்டு வாங்கி வையுங்கள்.