பிறந்தநாள் கைதி

இரவு நேரத்தில் வெயில் தொப்பி எதற்கு? கோவாவில் போர்வோரிம் என்ற ஊரின் ஒரு உணவு விடுதியில் உட்கார்ந்திருந்த பம்பாய் இன்ஸ்பெக்டர் மதுகர் ஜெண்டேவுக்குத் தோன்றிய கேள்வி இதுதான். 1986 ஏப்ரல் 6. டாக்சியில் வந்து இறங்கிய இருவரின் தலையிலும் தொப்பி. ஒருவர் முகத்தை ஜெண்டேவுக்கு நன்றாகத் தெரியும். 15 ஆண்டுகளுக்கு முன் அவரே பிடித்த முகம்.

சார்லஸ் சோப்ராஜ். தென்கிழக்கு ஆசியாவில் சுற்றுலா வந்த வெள்ளைக்கார இளைஞர்களோடு நட்பாகப் பழகி, மருந்து கொடுத்து மயக்கி, பணத்தையும் பாஸ்போர்ட்டையும் பறித்தவர். பத்துக்கும் மேற்பட்ட கொலைகளில் பெயர் அடிபட்டவர். மயக்க மருந்துதான் அவரது ஆயுதம். ஒருமுறை அதுவே அவரைக் கவிழ்த்தது. 1976இல் டெல்லி ஓட்டல் ஒன்றில், பிரெஞ்சு மாணவர் கூட்டத்துக்கு வயிற்றுப்போக்கு மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தார். அவரவர் அறைக்குப் போய் மயங்கியிருக்க வேண்டும். அளவு தப்பிவிட்டது. கொடுத்த இடத்திலேயே ஒவ்வொருவராகச் சரிய, இன்னும் மாத்திரை விழுங்காதவர்கள் பாய்ந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். எந்தத் துப்பறியும் நிபுணரும் தேவைப்படவில்லை.

ஜெண்டேவின் முதல் கைது அதற்கும் முன்பு, 1971 நவம்பரில், பம்பாய் தாஜ் ஓட்டல் அருகே. கொள்ளைக்குத் திட்டமிடும் வெளிநாட்டுக்காரர் பற்றித் துப்பு கிடைத்துக் காத்திருந்து பிடித்தார். டெல்லிக்குக் கொண்டு போனதும், உடம்பு சரியில்லை என்று பாசாங்கு செய்து மருத்துவமனையில் சேர்ந்த சோப்ராஜ், அங்கிருந்தே கம்பி நீட்டிவிட்டார். ஒரு போலீஸ்காரரின் வாழ்க்கையில் இதைவிட எரிச்சலான விஷயம் அதிகமில்லை.

1986 மார்ச் 16 அன்று திகார் சிறையில் நடந்தது இன்னும் விநோதம். தனக்குப் பிறந்தநாள் என்று சொல்லிக் காவலர்களுக்கு இனிப்பு வழங்கினார் சோப்ராஜ். வாழ்த்துச் சொல்லிச் சாப்பிட்டவர்கள் தூங்கிப்போனார்கள். நாட்டிலேயே பெரிய சிறையின் கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே நடந்தார். கூட வேறு சில கைதிகளும்.

தேடி கோவாவுக்கு வந்த ஜெண்டே குழுவின் கணக்கு எளிமையானது. சோப்ராஜ் எப்படியும் வெளிநாட்டுக்குப் போன் செய்வார். அதற்கு வசதியுள்ள இடங்கள் அந்நாளில் சொற்பம். 'ஓ கொகேய்ரோ' என்ற அந்த விடுதி அவற்றில் ஒன்று. எனவே அங்கே காத்திருந்தார்கள்.

ஜெண்டே பின்னாலிருந்து பிடித்து, 'சார்லஸ்' என்று பெயர் சொல்லி அழைத்தார். ஆள் மாறாட்டம் என்பதுபோல் சோப்ராஜ் சீறினார். பலிக்கவில்லை. அப்புறம்தான் நெருடலான விஷயம் தெரிந்தது: யாரும் கைவிலங்கு கொண்டு வரவில்லை. விடுதி ஊழியர்களிடம் கயிறு கேட்டு வாங்கித்தான், உலகம் தேடிய கைதியையும் கூட்டாளியையும் கட்டினார்கள். அன்று ஏப்ரல் 6. திகாரில் கொண்டாடியது போலிப் பிறந்தநாள். சோப்ராஜ் உண்மையில் பிறந்தது 1944 ஏப்ரல் 6.

இந்த வெற்றியின் மீது ஒரு நிழல் உண்டு. தாய்லாந்தில் சோப்ராஜுக்கு மரண தண்டனை காத்திருந்தது. அந்நாட்டு வாரண்டின் ஆயுள் 20 ஆண்டுகள். இந்தியச் சிறைவாசம் நீண்டால் அது காலாவதியாகும். அதற்காகவே தப்பி, அதற்காகவே மாட்டிக்கொண்டார் என்பது இன்றும் உலவும் கதை. தப்பித்த குற்றத்துக்குச் சிறைவாசம் கூடியது உண்மை. 1997இல் அவர் விடுதலையானபோது தாய்லாந்து வாரண்ட் செத்துப்போயிருந்ததும் உண்மை. ஆனால் பிடிபடவே வந்தவர் தொப்பியால் முகத்தை மறைப்பானேன்? தப்பியது திட்டப்படி இருக்கலாம். அந்த மேஜைக்கு ஜெண்டே வந்தது திட்டத்தில் இருந்திருக்காது.

2003இல் காத்மாண்டுவில் மறுபடி பிடிபட்டு, கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, 2022 டிசம்பரில் விடுதலையாகி பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார் சோப்ராஜ். போர்வோரிம் விடுதியிலோ அவருக்கு ஆளுயரச் சிலையே வைத்துவிட்டார்கள். சுற்றுலா வருபவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சிலையானது பிடித்தவர் அல்ல, பிடிபட்டவர்.